நேக் சந்தும் அவர் கண்ட கற்பூங்காவும்

நவராத்திரி தொடங்கிவிட்டால் நம் திருவனந்தபுரத்துத் தமிழ் வீடுகளில் கொலுப் படிகள் எழுந்துவிடும். பத்மநாபபுரத்துச் சரசுவதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரத்து முன்னுதித்த நங்கையும் தமிழ்நாட்டெல்லையினின்று ஊர்வலமாக நம் நகருக்கு எழுந்தருளும் நாட்கள் அவை. பெரியவர்கள் படிகளிலே பொம்மைகளை அடுக்க, சிறுவர்கள் படிகளுக்குக் கீழே பூங்கா அமைப்பார்கள். உடைந்த கண்ணாடித் துண்டு குளமாகும். மணல் பாதையாகும். முளைவிட்ட கடுகும் கேழ்வரகும் புல்வெளியாகும். காலித் தீப்பெட்டி வீடாகும். இதனை அவர்களுக்கு எந்தப் பள்ளியிலும் கற்பிப்பதில்லை. விசயதசமி கழிந்ததும் பூங்கா கலைக்கப்படும். குளமாயிருந்த கண்ணாடித் துண்டு மீண்டும் குப்பைக்கே போய்ச் சேரும்.

இத்தகைய பூங்கா ஒன்றைத் தம் வாழ்நாள் முழுவதும் அமைத்துக்கொண்டே இருந்த ஒருவர் நம் பாரத நாட்டில் வாழ்ந்தார். பிறர் எறிந்த பொருள்களே அவருக்கு முதல். ஆசான் எவரும் அவருக்கு இல்லை. அரசின் அனுமதியும் இல்லை. அவர் ஆக்கிய உலகம் வெளிப்பட்டபோது அதனை இடிப்பதா, காப்பதா என்ற கேள்வி எழுந்தது. அக்கேள்வி அவர் மறைந்து பத்தாண்டுகளுக்கு மேலாகிய பின்னும் ஓயவில்லை. சண்டிகர் நகரின் கற்பூங்காவைக் கண்ட நேக் சந்த் என்பாரே அவர். பிறந்த மண்ணை விட்டு வேற்றூரில் குடியேறி, அங்கே தம் ஊரை மீண்டும் படைக்க முயன்றவர் அவர். ஆதலின் அவருடைய வரலாறு நம்மைப் போன்ற குடியேறிய குடும்பங்களுக்குச் சிறப்பாக உரியது என்று கருதி இதனை எழுதுகிறோம்.

பிறப்பும் இளமையும்

நேக் சந்த் 1924-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 15-ஆம் நாள், பஞ்சாபில் சக்கர்கட் வட்டத்தைச் சேர்ந்த பேரியான் கலான் என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில் பிறந்தார். ஆற்றுப்படுகையும் வயலும் மேய்ச்சல் நிலமும் சூழ்ந்த ஊர் அது. அன்னையார் இரவிலே கூறிய அரசர் கதைகளையும் தேவர் கதைகளையும் கேட்டு வளர்ந்தார். அக்கதைகளே பிற்காலத்தில் தம் கைகளுக்கு வேலை கொடுத்தன என்று அவர் பலமுறை நினைவுகூர்ந்ததுண்டு. ஓவியமோ சிற்பமோ எந்தக் கூடத்திலும் அவர் பயின்றவரல்லர்.

1947-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் நாடு விடுதலை பெற்றது. அதே திங்களில் பஞ்சாப் இரண்டாகப் பிளந்தது. எல்லைக்கோடு இன்னவாறு செல்கிறது என்பது விடுதலைக்குப் பின்னர், ஆகஸ்டு 17-ஆம் நாளன்றே வெளியாயிற்று. குர்தாஸ்பூர் மாவட்டத்தின் நான்கு வட்டங்களுள் மூன்று இந்தியாவுக்கு வந்தன; இராவி ஆற்றுக்கு அப்பாலிருந்த சக்கர்கட் வட்டம் மட்டும் பாகிஸ்தானுக்குப் போயிற்று. நேக் சந்தின் ஊர் அந்த ஒரு வட்டத்துக்குள் அகப்பட்டுக்கொண்டது. நிலத்தையும் வீட்டையும் கைவிட்டு அக்குடும்பம் எல்லையைக் கடந்து வந்தது. அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயதும் நிரம்பவில்லை.

புது நகரும் பழைய ஊர்களும்

பிரிவினையால் இலாகூர் பாகிஸ்தானுக்குச் சென்றுவிடவே, இந்தியப் பஞ்சாபுக்குத் தலைநகர் இல்லாமற் போயிற்று. சிவாலிக் மலைகளின் அடிவாரத்தில் புதியதொரு தலைநகரை எழுப்ப அரசு முடிவு செய்தது. அதனை வகுத்தமைக்கும் பொறுப்பு 1951-ஆம் ஆண்டில் லெ கொர்புசியே என்ற உலகப் புகழ் பெற்ற கட்டடக் கலைஞரிடம் ஒப்படைக்கப்பட்டது. அளந்து வைத்தாற்போன்ற நேரான சாலைகள், எண்ணிட்ட வட்டாரங்கள், கான்கிரீட்டு மாளிகைகள் என்று சண்டிகர் எழுந்தது. 1953-ஆம் ஆண்டு அக்டோபர் 7-ஆம் நாள் குடியரசுத் தலைவர் இராசேந்திர பிரசாத் அதனைத் தொடங்கி வைத்தார்.

ஆனால் அந்நிலம் வெறும் பொட்டலாக இருந்ததில்லை. அங்கே பல சிற்றூர்கள் இருந்தன; வீடுகளும் கிணறுகளும் மாந்தோப்புகளும் இருந்தன. புது நகருக்காக அவை அகற்றப்பட்டன. இடிந்த சுவர்களின் செங்கல், உடைந்த பானை, ஓடு, குழந்தைகளின் வளையல் முதலியவை குவியல் குவியலாகக் கிடந்தன.

அந்நகரின் பொதுப்பணித் துறையில் 1951-ஆம் ஆண்டில் நேக் சந்த் சாலை ஆய்வாளராக வேலையில் அமர்ந்தார். சாலை எங்கே செல்கிறதோ அங்கெல்லாம் அவரும் செல்ல வேண்டும். ஆதலின் எங்கே எது இடிக்கப்படுகிறது, எங்கே எது கொட்டப்படுகிறது என்பதை அவரைப்போல் அறிந்தவர் அந்நகரில் ஒருசிலரே இருந்திருப்பர். தம்முடைய ஊரை இழந்து வந்தவருக்கு, பிறர் ஊர்களின் சிதைவுகளைக் காணுங்கால் எத்தகைய எண்ணம் தோன்றியிருக்கும் என்பதை நாம் ஊகித்துக்கொள்ளலாம். மற்றவர்கள் கழிவெனக் கண்டதை அவர் பொறுக்கத் தொடங்கினார்.

மறைவில் நிகழ்ந்த பணி

1950-களின் பிற்பகுதியில் அவர் சேகரிக்கத் தொடங்கினார். முதலில் அவரை ஈர்த்தவை கற்கள். மலையடிவாரத்து ஓடைகளிலும் ஆற்றுப்படுகைகளிலும் நீர் செதுக்கிய கற்கள் கிடக்கும். சில மனிதர்போல் தோன்றும். சில பறவைபோல், விலங்குபோல் தோன்றும். அவற்றைச் சைக்கிளில் ஏற்றி, நகரின் வட எல்லையில், சுக்னா ஏரிக்கு அருகேயிருந்த காட்டுப் பகுதிக்குக் கொண்டு சேர்த்தார். கட்டடம் எதுவும் எழுப்பலாகாது என்று விலக்கப்பட்ட நிலம் அது. அங்கே ஒரு குடிசையை அமைத்துக்கொண்டு, அதனைச் சுற்றிச் சிறிது காட்டை வெட்டித் திருத்தினார்.

பகலெல்லாம் அலுவலகப் பணி. மாலையில் வீட்டுக்குச் செல்ல வேண்டியவர் காட்டுக்குச் செல்வார். இரவில் பழைய டயர்களைக் கொளுத்தி அவ்வெளிச்சத்தில் வேலை செய்வார். பல ஆண்டுகள் சேகரிப்பிலேயே கழிந்தன. ஏறக்குறைய 1965-ஆம் ஆண்டு முதல் கட்டும் பணி தொடங்கியது. இவ்வாறு 18 ஆண்டுகள் வரையில், நெருங்கியவர் சிலர் தவிர வேறெவரும் அறியாவண்ணம் அப்பணி நடந்து வந்தது. அரசு ஊழியர் ஒருவர் அரசு நிலத்தில் அனுமதியின்றிக் கட்டுவது குற்றம் என்பதை அவர் அறியாதவரல்லர்.

சிலைகளை அவர் செய்த முறையை அறிந்துகொள்வது நலம். பின்னர் அவற்றைக் காப்பதிலுள்ள இடர்ப்பாட்டை விளங்கிக்கொள்ள அது துணை செய்யும். முதலில் பழைய இரும்புக் கம்பியையோ சைக்கிளின் சட்டத்தையோ வளைத்து எலும்புக்கூடு போல் அமைத்துக்கொள்வார். அதன்மேல் சிமெண்டும் மணலும் கலந்த கலவையைப் பூசி உருவம் கொடுப்பார். கலவை இறுகுமுன் அதன் மேனியிலே வளையல் துண்டுகளையும், பீங்கான் சில்லுகளையும், ஓட்டுத் துண்டுகளையும் பதித்துவிடுவார். வளையல் துண்டுகள் பெண்ணுருவங்களுக்கு வண்ண ஆடையாகும். உடைந்த கோப்பையும் தட்டும் விலங்குகளுக்குத் தோலாகும். கழிந்த மின்சாரப் பிளக்குகளை வரிசையாக அடுக்கிச் சுவராக்குவார். தார்ப் பீப்பாய்களும் கலவை நிரப்பிய சாக்குகளும் மதிலாகும். வண்ணம் தீட்டியவை மிகச் சில. நிறம் பெரும்பாலும் பொருளோடு வந்த நிறமே.

வெளிப்பாடும் தீர்ப்பும்

1970-களின் முற்பகுதியில் காட்டைத் துப்புரவு செய்யச் சென்ற அரசுப் பணியாளர் அவ்விடத்தைக் கண்டனர். மரங்களுக்கிடையே ஒன்றன்பின் ஒன்றாக முற்றங்கள். ஒவ்வொரு முற்றத்திலும் அணியணியாக நிற்கும் ஆடவரும் மகளிரும், ஆடுவோரும் இசைப்போரும், குரங்குகளும் பறவைகளும்! ஏறத்தாழ 12 ஏக்கர் அளவுக்கு அவ்வுலகம் பரவியிருந்தது.

அதிகாரிகளுக்கு நேர்ந்த இக்கட்டு எளிதன்று. சட்டத்தை நோக்கினால் அத்தனையும் ஆக்கிரமிப்பு. இடித்துத் தள்ளுவதே முறை. நகர அமைப்பை நோக்கினாலும், உலகமே வியக்கும் தலைநகர் மாளிகைகளுக்கு அணித்தே குப்பையில் எழுந்த கோலம் அது. ஆயினும் கண்ணால் கண்டவர்களுக்கு இடிக்க மனம் வரவில்லை. நகரின் பசுமை அமைப்புக் குழுவில் பொறுப்பேற்றிருந்த எம். எஸ். இரந்தாவா போன்றோர் அதனைக் காக்க வேண்டும் என்று நின்றனர். அவர் மரங்களையும் ஓவியங்களையும் நன்கறிந்த அறிஞர். செய்தி பரவிற்று; மக்கள் திரண்டு வந்து பார்த்தனர்.

1976-ஆம் ஆண்டில் கற்பூங்கா பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. குற்றவாளியாகக் கருதப்பட வேண்டியவருக்கு உட்கோட்டப் பொறியாளர் என்ற பதவியும், சம்பளமும், 50 தொழிலாளர்களும் வழங்கப்பட்டனர். முழுநேரமும் பூங்காப் பணியையே செய்யுமாறு பணிக்கப்பட்டார். நகரின் கழிவுப் பொருள்களைச் சேர்த்துக் கொடுக்க ஏற்பாடும் செய்யப்பட்டது. சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில், ஆசானிடம் பயிலாத கலைஞர்களின் படைப்புகளுக்கென்றே ஒரு காட்சியகம் திறக்கப்பட்டதும் அதே 1976-ஆம் ஆண்டில்தான். தானே கற்ற கலைஞர்களையும் கலைஞர் என மதிக்க உலகம் அப்போதுதான் கற்றுக்கொண்டிருந்தது எனலாம்.

பூங்காவின் உள்ளே

கற்பூங்காவுக்குள் நுழைவோர் பல இடங்களில் குனிந்தே செல்ல வேண்டும். வாயில்கள் தாழ்ந்தவை, வழிகள் குறுகி வளைந்து செல்பவை. அடுத்து வருவது இன்னதென்று முன்னரே தெரியாது. வளைவொன்றைக் கடந்ததும் திடீரென முற்றம் விரியும். அங்கே குடம் சுமந்த பெண்கள் நூறு பேர் நம்மையே நோக்கி நிற்பதுபோல் நிற்பர். பூங்காவுக்கு வெளியே உள்ள நகரம் நேர்கோடுகளால் ஆனது. உள்ளே நேர்கோடு என்பதே அரிது. ஒரே நகரத்தில், ஒரே காலத்தில், ஒருவர் வரைபடத்தோடும் மற்றவர் வரைபடமே இன்றியும் கட்டினர் என்பது நினைக்க நினைக்க வியப்பளிக்கின்றது.

அரசின் துணை கிடைத்தபின் பூங்கா இன்னும் விரிந்தது. செயற்கை மலைகளும், அவற்றினின்று வீழும் அருவிகளும், பாலங்களும், நாட்டுப்புற வீடுகளும், திறந்தவெளி அரங்கும் எழுந்தன. பிற்பகுதியில் உயர்ந்த வளைவுகளின் நடுவே பெரிய ஊஞ்சல்கள் அமைக்கப்பட்டன. அங்கே வளர்ந்தோரும் சிறுவரைப்போல் ஊஞ்சலாடுவதைக் காணலாம். துணிக் கழிவுகளால் அவர் செய்த பொம்மைகளும் பல. பூங்காவின் பரப்பு 25 ஏக்கருக்குக் குறையாது; சிலைகள் ஆயிரக்கணக்கில் உள்ளன.

புகழும் தாங்கிற்று. 1983-ஆம் ஆண்டில் இந்திய அஞ்சல் துறை கற்பூங்காவுக்காக அஞ்சல் தலை வெளியிட்டது. 1984-ஆம் ஆண்டில் நேக் சந்துக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டனில் குழந்தைகளுக்கான காட்சியகத்தில் 1980-களின் நடுவில் அவர் ஒரு சிறு பூங்காவை அமைத்தார். சாலை ஆய்வாளராக இருந்தவர் உலக நாடுகள் அழைக்கும் கலைஞரானார்.

இயந்திரங்களும் மக்களும்

ஆயினும் புகழ் காப்பாகாது என்பதை அவர் விரைவில் கண்டார். 1990-ஆம் ஆண்டில், முக்கியப் புள்ளிகள் செல்வதற்கான சாலை ஒன்றை அமைக்கவென்று, பூங்காவின் ஒரு பகுதியை இடிக்க இயந்திரங்கள் வந்தன. அன்று அவற்றைத் தடுத்தது எந்த ஆணையும் அன்று. நகர மக்கள் திரண்டு வந்து, கைகோத்துச் சங்கிலியாக நின்றனர். பதவியில் இருந்தவர்கள் அல்லர் அவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் தம் குழந்தைகளை அழைத்துக்கொண்டு அப்பூங்காவுக்கு வந்து பழகியவர்கள். இயந்திரங்கள் திரும்பிச் சென்றன.

1996-ஆம் ஆண்டில் நேக் சந்த் சொற்பொழிவுகளுக்காக அமெரிக்கா சென்றிருந்த வேளையில், பூங்காவுக்கு நகரம் அளித்துவந்த பொருளுதவி நிறுத்தப்பட்டது. காவலற்ற நிலையில் சிலர் புகுந்து சிலைகளைச் சிதைத்தனர். திரும்பி வந்தவர் கண்ட காட்சி எத்தகையதாயிருந்திருக்கும்! அதன்பின் ஒரு சங்கம் அமைந்து பூங்காவின் பராமரிப்பில் ஈடுபட்டது. 1997-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் அவர் பெயரால் ஓர் அறக்கட்டளை தோன்றி, வெளிநாட்டுத் தொண்டர்களைச் சண்டிகருக்கு அனுப்பிச் சிலைகளைச் செப்பனிட உதவிற்று.

2015-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் 12-ஆம் நாள், தம் தொண்ணூறாம் வயதில், நேக் சந்த் சண்டிகரில் காலமானார். அதற்கு அடுத்த ஆண்டு, 2016-இல், லெ கொர்புசியே அமைத்த தலைநகர் மாளிகைகளின் வளாகத்தை ஐக்கிய நாடுகளின் கல்வி, அறிவியல், பண்பாட்டு அமைப்பு உலக மரபுச் செல்வமாக அறிவித்தது. அப்பெருமை அருகிலுள்ள கற்பூங்காவை நாடி வரவில்லை. 2025-ஆம் ஆண்டின் முற்பகுதியில், உயர் நீதிமன்றத்தின் பக்கம் சாலையை அகலமாக்கவும் வண்டிகள் நிறுத்த இடம் காணவும் பூங்காவின் மதிலில் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. நகர மக்கள் மீண்டும் கூடி எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆனால் இம்முறை இயந்திரங்கள் வேலையை முடித்துவிட்டன.

பேணுதல் ஏன் அரிதாகின்றது?

இங்கே நாம் சற்று நின்று எண்ணிப்பார்க்க வேண்டும். ஓர் அரசன் கட்டிய கோயிலை இடிக்க எவரும் துணியார். நேக் சந்தின் பூங்காவை இடிக்க மட்டும் எவ்வாறு துணிவு வருகின்றது?

முதற்காரணம் சட்டம். பழைய நினைவுச் சின்னங்களைக் காப்பதற்கென 1958-ஆம் ஆண்டில் நம் நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, ஒன்று பழைய சின்னமாகக் கருதப்பட வேண்டுமாயின் அது நூறாண்டுகளேனும் நிலைத்திருத்தல் வேண்டும். கற்பூங்காவுக்கு அவ்வயது வர இன்னும் நெடுங்காலம் உண்டு. அதுகாறும் அது நகர நிருவாகத்தின் அருளையும் மக்களின் அன்பையும் நம்பியே வாழ வேண்டும்.

இரண்டாவது காரணம் பொருள். கல்லில் வடித்த சிலை ஆயிரமாண்டு நிற்கும். கம்பியின்மேல் சிமெண்டு பூசிய சிலையோ மழையில் நனைய நனைய, சிறு வெடிப்பின் வழியே நீர் உட்புகும். உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடிக்கும். துருப்பிடித்த இரும்பு பருத்து, மேலுள்ள கலவையைப் பிளந்துவிடும். பதித்த வளையல் துண்டுகள் ஒவ்வொன்றாக உதிரும். உதிர்ந்த இடத்தில் புதிய துண்டைப் பதித்தாலும், அக்காலத்து வளையலின் நிறம் இக்காலத்து வளையலில் கிடைப்பதில்லை. ஆக்கியவர் நினைவிலன்றி வேறெங்கும் வரைபடம் இல்லாத படைப்பு அது. அவர் மறைந்தபின் செப்பனிடுவோர் எதனைப் பார்த்துச் செப்பனிடுவர்?

மூன்றாவது காரணம் நம் மனம். கழிவுப் பொருளால் ஆனதைக் கழிவாகவே எண்ணிவிடும் பழக்கம் நம்மிடம் உள்ளது. பட்டம் பெறாதவர் செய்ததைப் பொழுதுபோக்கு என்று கூறி ஒதுக்கிவிடுகிறோம். மற்ற இரண்டினையும் விட இதுவே வலியது என்பது எம் கருத்து.

கடல் கடந்த நாடுகளிலும் இவ்வரலாறு இவ்வாறே நடந்திருக்கின்றது. பிரான்சு நாட்டில் ஓத்தரீவ் என்னும் சிற்றூரில் பெர்தினான் செவால் என்ற தபால்காரர் இருந்தார். நாள்தோறும் கடிதங்களைச் சுமந்து நடந்தவர், வழியில் காலை இடறிய கல்லொன்றின் வடிவிலே மயங்கி, கற்களைச் சேர்க்கத் தொடங்கினார். 1879 முதல் 1912 வரை 33 ஆண்டுகள் தனியொருவராய் உழைத்து ஒரு மாளிகையை எழுப்பினார். ஊரார் நகைத்தனர். அவர் 1924-ஆம் ஆண்டில் மறைந்தார். நேக் சந்த் பிறந்த ஆண்டும் அதுவே. 1969-ஆம் ஆண்டில்தான் பிரெஞ்சு அரசின் பண்பாட்டு அமைச்சர் ஆந்திரே மால்ரோ, அதிகாரிகள் சிலர் மறுத்தும் கேளாமல், அம்மாளிகையை நாட்டின் நினைவுச் சின்னமாக்கினார்.

அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில், இத்தாலியிலிருந்து குடியேறிய சைமன் ரோடியா என்ற தொழிலாளி, 1921 முதல் 1954 வரை, அவரும் 33 ஆண்டுகளே, இரும்பும் சிமெண்டும் உடைந்த பீங்கானும் கொண்டு வாட்ஸ் என்னும் பகுதியில் கோபுரங்களை எழுப்பினார். மிக உயர்ந்தது ஏறத்தாழ 30 மீட்டர். அவர் அவ்விடத்தை விட்டு நீங்கியபின், அவை பாதுகாப்பற்றவை என்று கூறி இடிக்க நகரம் ஆணையிட்டது. காக்க விரும்பியோர் ஒன்றுகூடி ஒரு சோதனையைக் கோரினர். 1959-ஆம் ஆண்டில் கோபுரத்தின்மேல் 10,000 பவுண்டு விசை செலுத்திப் பார்த்தனர். கோபுரம் அசையவில்லை, இடிக்கும் ஆணையே வீழ்ந்தது. 1990-ஆம் ஆண்டில் அது அந்நாட்டின் வரலாற்றுச் சின்னமாயிற்று.

தபால்காரர், தொழிலாளி, சாலை ஆய்வாளர். இம்மூவர் வரலாற்றிலும் அரசின் காப்பு கடைசியிலேயே வந்தது, அல்லது அரைகுறையாக வந்தது. அது வரும்வரை படைப்பைத் தாங்கி நின்றோர் அக்கம்பக்கத்தார். நேக் சந்தின் வாழ்க்கையிலிருந்து நாம் கொள்ளத்தக்க பாடம் இதுவே என்று எண்ணுகிறோம். பேணுதல் என்பது முதலில் அண்டை வீட்டாரின் கடமை. பின்னரே அது சட்டத்தின் கடமையாகும்.

நம் அருகில் ஒரு கற்பூங்கா

நேக் சந்தின் கைவண்ணத்தைக் காண நாம் சண்டிகர் வரை செல்ல வேண்டுவதில்லை. நம் கேரள மாநிலத்திலேயே, பாலக்காட்டை அடுத்த மலம்புழையில், அவர் அமைத்த கற்பூங்கா ஒன்று உண்டு. 1990-களில் அமைந்தது அது. அங்கும் உடைந்த வளையலும் ஓடும் கண்ணாடியும் உருவங்களாகி நிற்கின்றன. மலம்புழை தமிழர்க்குப் புதிய ஊரன்று. பாலக்காடு சென்னை மாநிலத்தோடு இணைந்திருந்த காலத்தில், 1955-ஆம் ஆண்டில், அவ்வணையைத் திறந்து வைத்தவர் அன்றைய முதலமைச்சர் பெருந்தலைவர் காமராசரே.

அதே மலம்புழையில் 1969-ஆம் ஆண்டு முதல் நிற்கும் யட்சியின் பெருஞ்சிலையையும் பலர் கண்டிருப்பர். அதனைப் படைத்த கானாயி குஞ்ஞிராமனே நம் நகரின் சங்குமுகம் கடற்கரையில் கிடக்கும் சாகரகன்னிகையையும் வடித்தார். அவர் சென்னைக் கலைக் கல்லூரியில் முறையாகப் பயின்றவர். பயின்றவர் வடித்த யட்சியும் பயிலாதவர் அமைத்த பூங்காவும் ஓரூரில் அருகருகே உள்ளன. கோடை விடுமுறையில் கோயமுத்தூருக்கோ பாலக்காட்டுக்கோ செல்லும் நம் குடும்பங்கள், யட்சியோடு திரும்பிவிடாமல் கற்பூங்காவுக்கும் குழந்தைகளை அழைத்துச் செல்லுதல் நன்று. அப்பூங்கா வாழ்வதும் வாடுவதும் அதனைக் காணச் செல்வோரின் எண்ணிக்கையைப் பொறுத்தே அமையும்.

இனி நம் வீட்டுக்குத் திரும்புவோம். நம் காலனியில் பல வீடுகளின் பரணில் கொலுப்பெட்டிகள் உள்ளன. பண்ணுருட்டியிலும் காஞ்சியிலும் வாங்கிய மண் பொம்மைகளுக்கிடையே, பாட்டிமார் தம் கையாலேயே செய்த உருவங்களும் அவற்றில் உண்டு. காகிதக் கூழால் செய்த கிளி, மணிகளைக் கோத்துச் செய்த தேர், துணியைச் சுருட்டிச் செய்த செட்டியாரும் செட்டிச்சியும், தேங்காய்ச் சிரட்டையில் செய்த ஆமை ஆகியவை அவை. இவற்றைச் செய்தவர்கள் எப்பள்ளியிலும் பயிலவில்லை. தஞ்சையிலும் நெல்லையிலும் நாகர்கோயிலிலும் விட்டுவந்த ஊரை, வேற்றூரில் ஒரு கூடத்தின் மூலையில் ஒன்பது நாள் எழுப்பிக் கண்டவர்கள் அவர்கள். நேக் சந்த் செய்ததும் அதுவே. அளவு ஒன்றே வேறு.

பாட்டி மறைந்தபின், வீடு மாறும்போது அல்லது அடுக்குமாடிக் குடியிருப்புக்குச் செல்லும்போது, முதலில் குப்பைக்குப் போவன அப்பொருள்களே. விலைக்கு வாங்கிய பொம்மை தப்பிவிடும். கையால் செய்தது தப்பாது. அதனைச் செய்த விதத்தைக் கேட்டு வைத்தவரும் இல்லாமற் போவர்.

ஆதலின் இவ்வாண்டு விழாவில் கூடும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்கு ஒரு விண்ணப்பம். வரும் நவராத்திரிக்குப் பெட்டியைத் திறக்குங்கால், கையால் செய்த பொருள் ஒன்றையேனும் தனியே எடுத்து வையுங்கள். அதனைச் செய்தவர் உயிரோடிருப்பின், எந்தப் பொருளால், எம்முறையில் செய்தார் என்பதைக் கேட்டு எழுதி வையுங்கள். மறைந்திருப்பின், அவர் பெயரையும் ஊரையும் ஒரு சீட்டில் எழுதி அதன் அடியில் ஒட்டுங்கள். கொலுவின் அடியில் நம் சிறுவர்கள் அமைக்கும் பூங்காவையும், கலைக்குமுன் ஒரு புகைப்படம் எடுத்து வையுங்கள். இதற்குப் பொருட்செலவு இல்லை. அரசின் ஆணையும் வேண்டியதில்லை.

சண்டிகரில் 1990-ஆம் ஆண்டில் இயந்திரங்களின் முன்னே கைகோத்து நின்றவர்கள் கலையறிஞர்கள் அல்லர். நம்மைப் போன்ற குடும்பத்தினரே. ஒரு பொருளைத் தமதென்று பலர் கருதியதால் அது தப்பிற்று. நேக் சந்தின் பூங்கா இன்னும் நூறாண்டு வாழ வேண்டும் என்று வாழ்த்துவோம். நம் வீட்டுப் பரணிலுள்ள சிறு பூங்காக்களையும் அவ்வண்ணமே பேணிக்கொள்வோம்.